நாலாம் வாய்ப்பாடு முடியும் வரை

ஆயர் ஈத்தாம் ஆறு மலாய் நாட்டுத் துறைமுக நகரமான ஜார்ஜ் டவுனை நோக்கி வளைந்து வரும் இடத்தில், டோபி காட் என்று ஊரே சொல்லும் சலவைத்துறையில், 1918-ஆம் ஆண்டு செங்கமலம் பிறந்தாள். பிறந்ததும் அவள் போட்ட சத்தத்தில் அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள் என்று அவள் அப்பா முனுசாமி பெருமையாகச் சொல்லுவார். அதற்குப் பிறகு அவள் வாயை மூடியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆறு வயதிலேயே சேங்கொட்டை மையால் துணியில் போட்ட குறியைப் பார்த்து, இது ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சட்டை, இது வாத்தியார் கோட்டு, இது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை ஜவுளிக்கடைக்காரர் கைலி என்று பிரித்துப் போட்டுவிடுவாள். ஒரு குறியும் தப்பாது.

ஏழு வயது நடக்கும்போது அவளுக்கு முதல் தடவை வலிப்பு வந்தது. கொடியில் காய்ந்த துணியை உருவிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளியது. அம்மா தனலெட்சுமி அலறினாள். ஓடிவந்தவர்களில் ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். ஒருவர் செருப்பைக் கழற்றி மூக்கருகே பிடித்தார். இன்னொருவர் கரண்டிக் காம்பை வாய்க்குள் விட்டுப் பல்லை நெம்பினார். வலிப்பு தானாகத்தான் நின்றது. அவர்கள் செய்த வைத்தியத்தில் முன்பல்லின் ஒரு மூலை போயிற்று.

செங்கமலத்துக்கு இதில் எதுவும் தெரியாது. கொடியில் ஒரு வேட்டியை இழுத்தாள். அடுத்த நொடி பாயில் கிடந்தாள். சுற்றிலும் முகங்கள். நாக்கு புதிதாக எதிலோ இடறியது. நடுவில் இருந்ததை யாரோ தாளைக் கிழித்த மாதிரி கிழித்துக்கொண்டு போய்விட்டார்கள். “என்னாச்சும்மா?” என்று கேட்டால் அம்மா அழுவாள். அப்பா வெளியே போய்ச் சுருட்டுப் பற்றவைப்பார். மாதம் ஒரு தடவையாவது வந்தது. தாயத்துக் கட்டினார்கள், தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார்கள். ஆனால் அவள் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு காரியம், அதுவும் அவளுடைய காரியம், அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது. பேய், பிசாசு என்று காதில் விழுந்ததைவிட இதுதான் அவளுக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.

பள்ளிக்கூடம் அரை மைல் தூரம். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரே நீள அறை, நாற்பது பிள்ளைகள், திருநாவுக்கரசு வாத்தியார் ஒருவரே. நல்ல மனுஷர், பயந்த சுபாவம். அவர் மார்புப் பையில் சங்கிலி போட்ட கடிகாரம் ஒன்று இருந்தது. அது ஓடாது. செங்கமலமும் லெட்சுமியும் ஒரே பலகையில் உட்காருவார்கள். லெட்சுமி கொண்டுவரும் மாங்காயை இரண்டாகக் கடித்துப் பங்கு போட்டுத் தின்பார்கள். பின்பலகையில் நூர் முகம்மது. அவன் அத்தா சீனி முகம்மது இரு பக்கமும் கூடை தொங்கும் காவடியில் சோறும் கறியும் சுமந்து துறைமுகத்துப் பக்கம் விற்பவர். மகன் யாரைப் பார்த்தாலும் அந்த ஆளைப் போலவே நடந்து காட்டுவான், பேசிக் காட்டுவான். வாத்தியார் ஓடாத கடிகாரத்தைப் பார்த்து நெற்றி சுருக்குவதை அவன் செய்தால் பள்ளிக்கூடமே உருளும்.

இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வலிப்பு வரவில்லை. வந்ததெல்லாம் வீட்டோடு போயிற்று. பத்து வயதில், 1928-இல், சொல்வது எழுதிக்கொண்டிருந்தபோது வந்தது. கண்ணைத் திறந்தபோது அறையில் வாத்தியார் மட்டும் இருந்தார். அவரும் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு அலமாரிச் சாவியை அவள் மேல் நீட்டியபடி இருந்தார். ஜன்னல்களில் முகங்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன.

மறுநாள் லெட்சுமி நாலு பலகை தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

“ஏன்டி?”

“எங்கம்மா சொல்லிட்டாங்க. ஒன் எச்சில் பட்டா எனக்கும் வந்துருமாம்.” சொல்லும்போது லெட்சுமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று இடைவேளையில் பள்ளிக்குப் பின்னால் தூங்குமூஞ்சி மரத்தடியில் கூட்டம் கூடிச் சிரித்துக்கொண்டிருந்தது. செங்கமலம் எட்டிப் பார்த்தாள். நூர் முகம்மது மண்ணில் கிடந்து கையைக் காலை உதறிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் சிரிப்பு நின்றது. அவன் எழுந்து மண்ணைத் தட்டினான். காது சிவந்துவிட்டது.

அவள் அழப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அழுகையும் வந்தது. ஆனால் அதைவிட வேகமாக வேறொன்று வந்தது.

“அது நானா?” என்று கேட்டாள். “நான் அப்படியா செய்வேன்?”

“நான் ஒண்ணும் செய்யலியே.”

“செஞ்சே, நான் பாத்தேன். இன்னொருவாட்டி செய்யுடா. எல்லாரும் பாத்துட்டீங்க. நான் மட்டும்தான் பாக்கல.”

நூர் முகம்மது மற்றவர்களைப் பார்த்தான். யாரும் உதவிக்கு வரவில்லை. மெதுவாகப் படுத்தான். இப்போது சிரிப்புக் காட்டவில்லை; கண்டதைக் கண்டபடி செய்தான். செங்கமலம் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, துணிக்குறி பார்க்கிற மாதிரி உற்றுப் பார்த்தாள்.

“எந்தக் கை மொதல்ல?”

“எடது கை. கட்டைவிரல் உள்ள மடங்கும். அப்புறந்தான் மத்ததெல்லாம்.”

“கண்ணு?”

“மேல போயிரும். வெள்ளையாத் தெரியும். விழுறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்வே. வாயில சோறு இருக்கிற மாதிரி நாலு மெல்லு மெல்லுவே.”

“சோறா?” செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கறி இல்லாமயா?”

அவ்வளவுதான், மரத்தடியே சிரித்தது. இந்தத் தடவை அவளும் சேர்ந்து சிரித்தாள். மூன்று வருஷமாக யாரோ ஒளித்து வைத்திருந்த சாமானைக் கண்டெடுத்த மாதிரி இருந்தது. பயப்படும்படி அதில் அப்படியொன்றும் இல்லை. கை இழுக்கிறது, கால் இழுக்கிறது, நிற்கிறது.

“நீ பயந்தியா?” என்று அவனிடம் கேட்டாள்.

நூர் முகம்மது பொய் சொல்லவில்லை. “ஜன்னல் வழியா குதிச்சதுல நான்தான் மொத ஆளு. மிச்சமெல்லாம் வெளிய நின்னுதான் பாத்தேன்.”

ஆனால் பெரியவர்களுக்கு மரத்தடிச் சங்கதி தெரியாது. அந்த வாரம் ஐந்து வீட்டுக்காரர்கள் வாத்தியாரிடம் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் டோபி காட்டுக்கு வந்து, முனுசாமி கொடுத்த நாற்காலியில் விளிம்பில் உட்கார்ந்தார்.

“பிள்ளை கொஞ்ச நாள் வீட்டுலயே இருக்கட்டும், முனுசாமி. நானா சொல்லல. ஊருக்குப் பயந்து சொல்றேன்.”

முனுசாமி, இஸ்திரி போட்டு வைத்திருந்த அவருடைய வெள்ளைக் கோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

ஒன்பது நாள் செங்கமலம் வீட்டில் இருந்தாள். ஆற்றுப் பக்கம் போகாதே என்றாள் அம்மா. வெள்ளாவி அடுப்புப் பக்கம் போகாதே என்றார் அப்பா. கரையேறி வரும் வாத்துகளை வரிசையாக நிறுத்தி அவற்றுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். அவை இரண்டாம் வாய்ப்பாட்டிலேயே கலைந்து போயின. பத்தாம் நாள் காலை அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

“அப்பா, டிரெஸ்ஸர் சட்டையை இன்னைக்குத்தானே குடுக்கப் போறீங்க? அவர்கிட்ட கேளுங்களேன். தாயத்து கட்டுனவங்களையெல்லாம் கேட்டாச்சு. ஆஸ்பத்திரியில இருக்கிறவர ஒருத்தரும் கேக்கலியே.”

முனுசாமிக்குச் சுருக்கென்றது. வாரா வாரம் அந்த மனிதரின் சட்டையைத் துவைக்கிறோம், இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று நினைத்தார்.

டாக்டருக்கு உதவியாக மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் செல்லத்துரை யாழ்ப்பாணத்துக்காரர். முனுசாமி தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டதும் மூட்டையைக் கீழே வைக்கச் சொன்னார். “வலிப்புக்கு மருந்து இருக்குது, முனுசாமி. ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை? நாளைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. வலிப்பு வரேக்க பக்கத்திலை நிண்டு பாத்த ஒராளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அதுதான் முக்கியம்.”

வீட்டில் வந்து சொன்னபோது தனலெட்சுமி கையை விரித்தாள். “நான் எங்க பாத்தேன்? ஒவ்வொருவாட்டியும் கண்ண மூடிக்கிட்டுல்ல அழுதேன்.” முனுசாமியும் தலையைக் குனிந்துகொண்டார், அவரும் பார்த்ததில்லை.

“ஒருத்தன் நல்லாப் பாத்திருக்கான்” என்றாள் செங்கமலம்.

மறுநாள் காலை மூவரும் துறைமுகத்துக்குப் போனார்கள். சீனி முகம்மது காவடியை இறக்கி வைத்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். மகன் மரத்தடியில் செய்ததைக் கேட்டதும் முகம் கறுத்தது. பிறகு, அதே வித்தையால் இப்போது காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று கேட்டதும் தெளிந்தது.

“ஆஸ்பத்திரிக்குத்தானே? தாராளமாக் கூட்டிட்டுப் போங்கண்ணே. பண்ண பாவத்துக்கு அங்க போயி உருளட்டும்.”

வெளிநோயாளிகள் தாழ்வாரத்தில் நல்ல கூட்டம். சீனர்கள், மலாய்க்காரர்கள், தமிழர்கள் என்று பலகைகள் நிரம்பியிருந்தன. செல்லத்துரை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நூர் முகம்மதுவைப் பார்த்தார்.

“நீதானோ பாத்தனி? வடிவாச் சொல்லு, தம்பி.”

“சொல்ல வராது சார். செஞ்சு காட்டவா?”

அவர் சரியென்று சொல்லி முடிப்பதற்குள் பையன் நாலு மெல்லு மென்றான், இடது கை உயர்ந்தது, பொத்தென்று விழுந்தான். தாழ்வாரம் கலகலத்துப் போயிற்று. சீனத் தாத்தா ஒருவர் பலகை மேல் ஏறிவிட்டார். மலாய்க்காரம்மா ஒருத்தி “யா அல்லா!” என்று பிள்ளையை அணைத்துக்கொண்டாள். எங்கிருந்தோ பாய்ந்து வந்த ஒருவர் சாவிக்கொத்தை நூர் முகம்மதுவின் கையில் திணித்தார். இன்னொருவர் செருப்பைக் கழற்றிக்கொண்டு மண்டியிட்டார். பழைய செருப்பு, மழையில் நனைந்தது. அது மூக்கை நெருங்கியதும் பையன் கண்ணைத் திறந்தான்.

“வேணாம்! வேணாம்ணே! நான் நடிக்கிறேன்லா!”

வந்தது பாருங்கள் சிரிப்பு! பலகை மேல் நின்ற தாத்தா இறங்க மறந்து சிரித்தார். செருப்புக்காரர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார். முனுசாமி, மகளுக்கு வலிப்பு வந்த நாளிலிருந்து அந்தப் பேச்சை எடுத்தாலே இடத்தை விட்டு எழுந்து போகிறவர், சுவரில் கையூன்றிச் சிரித்தார். செங்கமலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். செல்லத்துரை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இனி அந்த இடது கையை மட்டும் ஒருக்காத் திரும்பக் காட்டு” என்றார். பையன் காட்டினான். எவ்வளவு நேரம் இழுக்கும், பிறகு எவ்வளவு நேரம் தூங்குவாள் என்றெல்லாம் கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டு பெரிய டாக்டரிடம் உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் மருந்துப் புட்டி இருந்தது. பிறகு பிள்ளைகள் இருவரையும் எதிரில் உட்கார வைத்துக்கொண்டார்.

“டிராம் பாத்திருக்கிறியள்தானே? மேலை கம்பியிலை ஒரு தடி தொட்டுக்கொண்டு ஓடுது. சிலவேளை அது நழுவினால் என்ன நடக்கும்?”

“பட்டு பட்டுனு பொறி பறக்கும்” என்றான் நூர் முகம்மது. “டிராம் நின்னுரும். கண்டக்டர் கயித்தப் புடிச்சி மறுபடியும் மாட்டுவாரு. அப்புறம் ஓடும்.”

“மூளைக்குள்ளையும் அப்பிடித்தான் ஒரு ஓட்டம் இருக்குது. செங்கமலத்துக்குச் சிலவேளை தடி நழுவுது. பொறி பறக்குது. பிறகு தானே மாட்டிக்கொள்ளுது. நிண்டுபோன டிராமுக்குப் பேய் பிடிச்சிட்டுது எண்டு ஆரும் செருப்புக் காட்டுறவையோ?”

செங்கமலம் யோசித்தாள். “சார், இது ஒட்டுமா?”

“ஒரு டிராமிலை தடி நழுவினால் பின்னாலை வாற டிராமுக்கும் நழுவுமோ?”

“நழுவாது!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

விழுந்தால் என்ன செய்வது என்றும் சொன்னார். இழுக்கிற கையைப் பிடித்து அமுக்கக் கூடாது. வாயில் எதையும் விடக் கூடாது, பல்தான் உடையும். தலைக்கு மெத்தென்று ஏதாவது வைத்து, ஒருக்களித்துத் திருப்பிவிட வேண்டும். கூட்டம் போடாமல் பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் இழுத்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வர வேண்டும். இதையெல்லாம் வாத்தியாருக்கு ஒரு சீட்டாகவும் எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை முனுசாமி மகளோடு பள்ளிக்குப் போனார். திருநாவுக்கரசு வாத்தியார் சீட்டை இரண்டு தடவை படித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நான் அவ மேல சாவிய நீட்டிக்கிட்டு நின்னேன், முனுசாமி.”

“எங்க வீட்டுல கரண்டியே விட்டோம், வாத்தியாரே.”

“வாத்தியாரே, நான் இவங்ககிட்ட கொஞ்சம் பேசணும்” என்றாள் செங்கமலம். வாத்தியார் அவளை மேசைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, தான் போய்ப் பிள்ளைகளோடு பலகையில் உட்கார்ந்தார்.

நாற்பது முகங்கள். அவளுக்கு வாய் வறண்டது, அது அவளுக்குப் புதுசு. பிறகு டிராமில் தொடங்கினாள். பாதியில் நூர் முகம்மது எழுந்து கண்டக்டராகிக் கயிற்றை இழுத்துக் காட்டினான். சிரிப்பு எழுந்ததும் அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது.

“எதுனாலும் கேளுங்க” என்றாள்.

“வலிக்குமா?” என்று கேட்டான் வேலு. பள்ளியிலேயே பலசாலி, ஜன்னலில் குதித்ததில் அவனும் ஒருவன்.

“விழுறப்போ தெரியாது. எந்திரிச்சப்புறம் தல வலிக்கும். தூக்கம் தூக்கமா வரும். அப்ப என்னையக் கேள்வி கேக்காதீங்க.”

“உள்ள யாராச்சும் பேசுவாங்களா?” என்றாள் ஒரு சின்னப் பெண்.

“யாரும் இல்ல. நானே இருக்கமாட்டேன். பேய் வந்தா வெறும் வீட்டப் பாத்துட்டுத் திரும்பிப் போயிரும்.”

“ஒட்டுமா?” கேட்டது யாரென்று தெரியவில்லை.

“லெட்சுமி, நம்ம ரெண்டு பேரும் எத்தனை வருஷமா ஒரே மாங்காயக் கடிக்கிறோம்?”

“ரெண்டு வருஷம்” என்றாள் லெட்சுமி மெதுவாக.

“என் எச்சில எத்தனவாட்டி தின்னுருப்பே? ஒருவாட்டியாச்சும் விழுந்தியா?”

லெட்சுமி யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு சிலேட்டை எடுத்துக்கொண்டு, நாலு பலகையையும் தாண்டி வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்தாள். “சரி, இப்ப பழகிப் பாப்போம்” என்றாள் செங்கமலம்.

அன்று பாடம் நடக்கவில்லை. வேலுவுக்குப் பலகையை நகர்த்தும் வேலை. லெட்சுமி தன் துணிப்பையை மடித்துத் தலைக்கு வைக்க வேண்டும். நூர் முகம்மது திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். செங்கமலமாக விழுவதற்குத்தான் பெரிய போட்டி. எல்லாரும் நான் நான் என்று வரிசை கட்டினார்கள். நாலு மெல்லு மெல்லுவதில் ஒருவனை ஒருவன் மிஞ்சினான். “பெரிய ஆளா இருந்தா திருப்ப முடியாது” என்று வேலு சந்தேகப்பட்டதும், திருநாவுக்கரசு வாத்தியார் எழுந்து வந்தார். கோட்டோடு சாணித்தரையில் படுத்துக்கொண்டார்.

“திருப்புங்கடா” என்றார்.

திருப்பினார்கள். நாற்பது பிள்ளைகளும் கை தட்டினார்கள். வாசலில் நின்ற முனுசாமி கோட்டின் முதுகைப் பார்த்துவிட்டு, “அத இப்பவே கழட்டிக் குடுங்க, வாத்தியாரே” என்றார்.

மிஞ்சியது ஒரே சிக்கல்: ஐந்து நிமிஷத்தை எப்படி அறிவது? எல்லாரும் வாத்தியாரின் மார்புப் பையைப் பார்த்தார்கள். அவர் கூச்சத்தோடு அதை மூடிக்கொண்டார்.

“வாய்ப்பாடு சொன்னா என்ன?” என்றாள் லெட்சுமி. “ரெண்டுல ஆரம்பிப்போம். எட்டாம் வாய்ப்பாடு முடிஞ்சும் நிக்கலேன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடிரலாம்.”

அடுத்த வலிப்பு மூன்று வாரம் கழித்து வந்தது. சின்னவர்கள் இரண்டு பேர் அழுதார்கள், வேலு பலகையைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டான். ஆனால் ஒருவரும் ஓடவில்லை. நாலாம் வாய்ப்பாடு முடிவதற்குள் இழுப்பு நின்றது. அதற்கடுத்த தடவையும் அப்படியே.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். தமிழ் படித்த, கண்டிப்பான மனிதர். வாசிப்புக் கேட்டார், கையெழுத்துப் பார்த்தார். வாத்தியாருக்கு நெற்றியெல்லாம் வேர்வை. “பாடத்திலுள்ள மன்னர்களின் பெயரைச் சொல்” என்று செங்கமலத்தை எழுப்பினார். அவள் எழுந்தாள். வாய் மென்றது, இடது கை உயர்ந்தது.

“டிராம்!” என்றான் நூர் முகம்மது.

வேலுவின் பலகை நகர்ந்தது. அவள் விழுவதற்குள் இரண்டு கைகள் தாங்கிப் படுக்க வைத்தன. தலைக்குக் கீழே பை வந்தது. “ஓரிரண்டு இரண்டு! ஈரிரண்டு நான்கு!” என்று அறை முழுக்க ஒரே குரலில் எழுந்தது. பதறியது இன்ஸ்பெக்டர் ஒருவர்தான்.

“தண்ணி! தண்ணி கொண்டு வாங்க! சாவி, யார்கிட்டயாவது சாவி?”

லெட்சுமி எழுந்து அவர் எதிரில் போய் நின்றாள். “சார், தண்ணி குடுக்கக்கூடாது. சாவியும் வேணாம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்.”

ஆறு பள்ளிக்கூடங்களை நடுங்க வைத்த மனிதர் தள்ளி நின்றார். மூன்றாம் வாய்ப்பாடு போயிற்று. நாலாம் வாய்ப்பாட்டில், “பதினொரு நான்கு நாற்பத்து நான்கு” என்ற இடத்தில் கை கால் அடங்கியது. நூர் முகம்மது அவளை ஒருக்களித்துத் திருப்பினான். சத்தம் தணிந்தது. சற்று நேரத்தில் செங்கமலம் கண்ணைத் திறந்தாள்.

“பள்ளிக்கூடத்துலதான் இருக்கே” என்றாள் லெட்சுமி தணிந்த குரலில். “தடி நழுவிச்சு, இப்ப சரியாயிருச்சு. இன்ஸ்பெக்டர் வந்திருக்காரு. நீ தூங்கு.”

“ராஜா பேரெல்லாம்...”

“அத நான் சொல்லிக்கிறேன்.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். பிறகு பதிவேட்டில் எழுதினார்: ‘இப்பள்ளிப் பிள்ளைகள் வாய்ப்பாட்டில் மிக நல்ல தேர்ச்சி. தைரியத்திலும்.’ அந்தப் பக்கத்தை வாத்தியார் புகார் சொன்ன ஐந்து வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டினார். லெட்சுமியின் அம்மா மறுநாள் ஒரு கூடை மாங்காயோடு டோபி காட்டுக்கு வந்தாள். அவளும் தனலெட்சுமியும் சேர்ந்து உட்கார்ந்து மாங்காயை நறுக்கி உப்பில் போட்டார்கள்.

செல்லத்துரையின் மருந்து உப்புக் கரித்தது. குடித்தால் மதியம் கண்ணைச் சொருகும். செங்கமலம் முகத்தைச் சுளித்துக்கொண்டே விடாமல் குடித்தாள். மாதம் ஒன்றாக வந்த வலிப்பு போகப்போக மூன்று மாதத்துக்கு ஒன்றாயிற்று. பிற்பாடு வெள்ளை மாத்திரை வந்ததும் வருஷத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. அடியோடு நிற்கவில்லை. நிற்காவிட்டால் என்ன, அதற்காக அவள் ஒன்றையும் நிறுத்தி வைக்கவில்லை. ஆறாம் வகுப்பு வரை படித்தாள். டோபி காட்டில் எந்த வீட்டுத் துணியும் காணாமல் போகாது என்று பெயர் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். துவைகல்லுக்கும் வெள்ளாவிக்கும் போகாமல், குறி போட்டுப் பிரிப்பது, அடுக்குவது, வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. போகிற வீடுகளிலெல்லாம் அரைமணி நேரம் பேசாமல் வரமாட்டாள். வேலு துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். நூர் முகம்மது அத்தாவின் காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டான். அவன் கூவும் குரலைக் கேட்கவே சோறு வாங்க வருபவர்கள் உண்டு.

லெட்சுமி சுங்கை பாக்காப்புக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். 1937-இல் அங்கேயிருந்து ஒரு மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசு என்று பெயர், தையற்காரர், அதிகம் பேசாதவர். அவரும் அவர் அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். பலகாரத் தட்டு வைத்ததும், யாரும் தொடுவதற்கு முன்னால் செங்கமலமே பேசினாள்.

“எனக்கு வலிப்பு உண்டு. வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோ வரும். மருந்து சாப்பிடுறேன். மறைச்சுக் கட்டிக்க எனக்கு இஷ்டமில்ல.”

தனலெட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா தட்டைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். வாசு, துணியின் அளவு கேட்கிற மாதிரி, நிதானமாகக் கேட்டார்.

“வந்தா நான் என்ன செய்யணும்?”

இதற்கு முன் பார்க்க வந்த இரண்டு பேர் வேறு கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். செங்கமலம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும், “இன்னொருவாட்டி சொல்லுங்க, வாயில வைக்கிறது பத்தி சொன்னத நான் சரியாக் கேக்கல” என்றார். அவள் மறுபடியும் சொன்னாள். அதற்குள் அவர் அம்மா ஒரு லட்டை எடுத்துக் கடித்துவிட்டாள். அதைப் பார்த்த லெட்சுமி சமையல்கட்டுக்குள் ஓடிப்போய்க் குதித்தாள்.

கல்யாணம் டோபி காட்டு ராமர் கோயிலில் நடந்தது. அன்று வலிப்பு வரவில்லை. நாலாம் நாள் சுங்கை பாக்காப்பில், புதுவீட்டில் பாத்திரம் அடுக்கும்போது வந்தது. கண்ணைத் திறந்தபோது அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைக்குக் கீழே பாதி தைத்த சட்டை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. வாசு பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“சரியாச் செஞ்சேனா?” என்று கேட்டார்.

“சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா எந்திரிச்ச உடனே கேள்வி கேக்கக்கூடாதுன்னு சொன்னேன்ல?”

வாசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவள் சிரித்தபடியே மறுபடி கண்ணை மூடித் தூங்கிப்போனாள்.